மடங்கும் கட்டை: நாம் தைக்கிற ஷூவுக்குள்ளே என்ன இருக்கிறது?



ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உள்ள நம் குழுக்களில், வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கிறவர்கள் நிறையப் பேர். கம்பெனியில் துளை போட்டுக் கொடுத்த தோலை ஏஜென்ட் கொண்டுவந்து போடுவார். நாம் ஊசியும் மெழுகு நூலும் வைத்துத் தைத்துக் கொடுப்போம். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அதோடு நம் வேலை முடிந்தது. அதற்கப்புறம் அந்த அப்பர் எங்கே போகிறது, அதை என்ன செய்கிறார்கள் என்று நம்மில் யாரும் பார்த்ததில்லை.

ஒரு கிளஸ்டர் கூட்டத்தில் சேமிப்பு, கடன் திருப்பம் எல்லாம் பேசி முடித்த பிறகு, ஓர் அக்கா மஞ்சள் பையைப் பாயில் கவிழ்த்தார். 14 ஜோடி அப்பர். எல்லாம் திரும்பி வந்தவை. கூலியில் பிடித்துக்கொண்டார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, "லாஸ்ட்ல ஏத்துனா வாய் பொளக்குது" என்று மட்டும் ஏஜென்ட் சொல்லியிருக்கிறார்.

"லாஸ்ட்டுன்னா இன்னா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். அவர் பன்னிரண்டு வருஷமாக அப்பர் தைக்கிறவர். எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். நாங்களும் விழித்தோம். சமூகப்பணிப் படிப்பில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை. தெரிந்துகொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். தெரிந்துகொண்டதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

கட்டையும் காலும்

கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டோம். பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கினார். உள்ளே காலைப் போலச் செதுக்கிய ஒரு மரக்கட்டை. கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருந்தது.

"பொம்மைக் காலாட்டம் கீதே" என்றார் எங்களோடு வந்த பிரதிநிதி.

"காலு இல்லம்மா. ஷூவோட உள்பக்கம்" என்றார் தாத்தா.

இதுதான் லாஸ்ட். நாம் இங்கே கட்டை என்றே சொல்வோம். ஷூ செய்யும்போது தோலை இதன்மேல் போர்த்தி, இறுக்கி இழுத்து, அடியில் ஒட்டுகிறார்கள். தட்டையாக இருக்கும் தோலுக்கு வடிவம் வருவது இதன்மேல்தான். முருக்கு எந்த வடிவில் விழும் என்பதை மாவு முடிவு செய்வதில்லை, அச்சு முடிவு செய்கிறது. அது போலத்தான். ஒரு ஷூ கடிக்குமா, வழுக்குமா, விரலை நெரிக்குமா என்பது தோல் வெட்டுவதற்கு முன்பே கட்டை செதுக்கும்போது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

தாத்தா சொன்னது போல, கட்டை காலின் அச்சு அசல் நகல் இல்லை. விரல் முனைக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். நடக்கும்போது கால் முன்னால் சரியும் அல்லவா? விரல்களுக்கு இடையே பிளவு இருக்காது, ஒரே மொத்தையாக இருக்கும். கால் விரல்கள் தொடங்கும் இடத்தில், அகலமான பகுதியைச் சுற்றி டேப் வைத்து அளக்கிற சுற்றளவுதான் முக்கியம். நீளம் சரியாக இருந்தாலும் அந்தச் சுற்றளவு தப்பினால் ஷூ காலுக்கு ஆகாது. இங்கிலாந்து அளவு முறையில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் நீள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு சைஸுக்கும் தனிக் கட்டை, அதிலும் இடது ஒன்று வலது ஒன்று.

இடது வலது என்பது நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 18ஆம் நூற்றாண்டு முழுக்க இரண்டு காலுக்கும் ஒரே நேர்க்கட்டையில்தான் பெரும்பாலும் ஷூ செய்தார்கள். போட்டுப் போட்டு அதுவே காலுக்குப் பழக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் இடது, வலது பிரித்துச் செய்வது அங்கே பரவியது. 1819இல் தாமஸ் பிளான்சார்டு என்ற அமெரிக்கர் ஒரு கடைசல் இயந்திரத்துக்கு உரிமம் வாங்கினார். மாதிரி ஒன்றை வைத்தால் அதன் வளைவுகளைத் தடவிக்கொண்டே பக்கத்தில் இன்னொரு மரத்தை அதே மாதிரி கடையும். துப்பாக்கிக் கட்டைக்காகச் செய்தது, ஷூ கட்டைக்கும் வந்து சேர்ந்தது.

வளையல் கழற்றுவது எப்படி?

தாத்தாவின் கட்டையில் எங்களை ஆச்சரியப்படுத்தியது வேறு ஒன்று. கட்டை ஒரே துண்டு இல்லை. காலின் மேற்புறம் உயர்ந்து வரும் இடத்தில், மேலிருந்து ஆப்பு வடிவத்தில் ஒரு வெட்டு. முன்பாதி, பின்பாதி என்று இரண்டு துண்டு. இரண்டையும் உள்ளே ஒரு கீலும் வில்லும் பிடித்திருக்கின்றன. தாத்தா முழங்காலில் வைத்து அழுத்தினார். 'டக்' என்று குதிகால் பகுதி மேல்நோக்கி மடங்கியது. மேலே இருந்த வெட்டு மூடிக்கொண்டது. கட்டையின் நீளம் குறைந்துவிட்டது.

எதற்கு இது? யோசித்துப் பாருங்கள். ஷூவின் உள் நீளத்தைவிட அதன் வாய் சின்னது. பின்பக்கம் குதிகாலைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி வளைந்திருக்கும். நம் கால் சதையும் மூட்டுமாக இருப்பதால் வளைந்து நெளிந்து உள்ளே போகிறது, வெளியே வருகிறது. மரம் நெளியுமா? தோலை இழுத்து ஒட்டி, சோலும் போட்ட பிறகு கட்டை உள்ளே மாட்டிக்கொள்ளும். முரட்டுத்தனமாக உருவினால் பின் தையல் பிளக்கும், வாய் அகலமாகிவிடும்.

கண்ணாடி வளையலைக் கழற்றும்போது என்ன செய்கிறோம்? கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறோம். கை குறுகுகிறது, வளையல் உடையாமல் வருகிறது. கட்டை மடங்குவதும் அதே வேலைதான். தோலை இழுக்கும்போதும் சோல் அழுத்தும்போதும் கீல் விறைப்பாக நிற்க வேண்டும், கொஞ்சமும் ஆடக்கூடாது. உருவும்போது மட்டும் மடங்க வேண்டும். கட்டையின் மேலே உள்ள துளையை ஒரு கம்பியில் மாட்டிக் குதிகாலை இழுத்தால் முதலில் பின்பக்கம் வெளியே வரும், பிறகு முன்பக்கம் வழுக்கிக்கொண்டு வரும். கீல் இல்லாத இன்னொரு வகையும் உண்டு. அதில் மேலே ஓர் ஆப்புத் துண்டு தனியாக இருக்கும். முதலில் அதை எடுத்துவிட்டு மிச்சத்தை உருவுவார்கள். பின்பக்கம் திறந்த செருப்புக்கு இந்த வம்பே இல்லை, முழுக்கட்டை போதும்.

மரம் எது என்று கேட்டோம். அமெரிக்காவில் மேப்பிள், ஐரோப்பாவில் பீச் போன்ற கெட்டி மரங்கள். நன்றாக உலர்த்தாவிட்டால் சுருங்கும், ஈரத்தில் ஊதும். அப்படி ஊதினால் அளவு போச்சு. அதனால்தான் கம்பெனிகளில் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் கட்டை. ஆனால் கீல் அப்படியேதான் இருக்கிறது.

நம் தையலுக்கு நடப்பது

இனி அந்த 14 ஜோடிக்கு வருவோம். நாம் கொடுத்த அப்பரைக் கட்டைமேல் ஏற்றி, அடி விளிம்பை இயந்திரத்தின் குறடு பிடித்து நாலா பக்கமும் இழுக்கிறது. தோல் விரிந்து கொடுக்கும்படி முன்னதாகச் சூடோ ஆவியோ காட்டுவார்கள். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது நம் தையல். மடியில் வைத்துப் பார்க்கும்போது அழகாகத் தெரிகிற தையல், அங்கே இழுபடும்போதுதான் தன் குணத்தைக் காட்டும்.

சில இடத்தில் இறுக்கம், சில இடத்தில் தொய்வு என்று தைத்திருந்தால் தொய்ந்த இடத்தில் வாய் பிளக்கும். முடிச்சை உள்பக்கம் குண்டாகப் போட்டால், கட்டைக்கும் தோலுக்கும் நடுவில் அது நசுங்கி வெளியே மேடாகத் தெரியும், போடுகிறவர் காலையும் உறுத்தும். இடது காலை ஒருவரும் வலது காலை இன்னொருவரும் தைத்தால் கை இறுக்கம் மாறும், ஜோடி சேராது. வீட்டில் அம்மாவும் பெண்ணும் பங்கு போட்டுத் தைக்கிறவர்கள் ஜோடியாகவே பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அடி விளிம்பில் பிசிறு தெரிகிறதே என்று கத்தரியால் நறுக்கிவிடவே கூடாது. குறடு பிடிப்பது அந்த விளிம்பைத்தான். அது குறைந்தால் பிடி கிடைக்காது.

ஆனால் எல்லாத் தப்பும் நம் தலையில் இல்லை. தாத்தா அந்த 14 ஜோடியையும் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நூல் தொய்ந்தோ முடிச்சு அவிழ்ந்தோ இருந்தால் அது தைத்தவர் கை. நூல் அப்படியே இருக்க, துளையிலிருந்து தோல் கிழிந்திருந்தால், துளை ஓரத்துக்கு மிகக் கிட்டே விழுந்திருக்க வேண்டும், அல்லது தோல் மெல்லியது, அல்லது இயந்திரம் அதிகமாக இழுத்திருக்கிறது. ஒரே லாட்டில் பல ஜோடி ஒரே இடத்தில் கிழிந்திருந்தால் தைத்த கையைச் சொல்வதில் நியாயம் குறைவு. பார்த்து முடித்ததும் இரண்டு குவியல் வைத்தார். ஐந்து ஜோடி நூல் தொய்வு. ஒன்பது ஜோடி தோல் கிழிசல், அதுவும் ஒரே பக்கத்தில்.

லின் நகரத்துப் பெண்கள்

கட்டையைப் பற்றிப் படிக்கும்போது, நம்மைப் போல வீட்டில் அப்பர் தைத்த பெண்களின் சரித்திரமும் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்று ஓர் ஊர். ஷூவுக்குப் பேர் போனது. அங்கே ஆண்கள் வீட்டுப் பக்கத்துச் சின்னக் கொட்டகையில் கட்டையும் சுத்தியலுமாக உட்கார்ந்து ஷூவை முடிப்பார்கள். பெண்கள் அடுப்படி வேலைக்கு நடுவே அப்பர் தைத்துக் கொடுப்பார்கள். ஊசி பிடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். கட்டை பிடிப்பது ஆண்களின் தொழிலாகவே இருந்தது. ஷூ முழுதாவதை அறிந்தவர் கையில்தான் பேரம் பேசும் பலமும் இருந்தது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

தையல் இயந்திரம் வந்ததும் தைக்கிற வேலையில் ஒரு பகுதி தொழிற்கூடத்துக்குப் போனது. 1860 பிப்ரவரி 22 அன்று லின்னில் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச் 7 அன்று சுமார் 800 பெண்கள் பனி கொட்டக் கொட்ட ஊர்வலம் போனார்கள். ஆனால் தொழிற்கூடத்தில் தைத்த பெண்களும் வீட்டில் தைத்த பெண்களும் கூலி விஷயத்தில் ஒரே பட்டியலுக்கு வரமுடியாமல் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். அதைப் படித்தபோது எங்களுக்கு நம் கூட்டங்கள் சில ஞாபகம் வந்தன. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் கட்டைக்காரர்களுக்கும் காலம் மாறியது. தென் அமெரிக்காவில் சுரினாமில் 1852இல் பிறந்த யான் மாட்செலிகர் என்ற கறுப்பினத் தொழிலாளி லின்னுக்கு வந்து ஷூ கூடத்தில் வேலை பார்த்தார். கட்டைமேல் தோலை இழுத்து ஆணி அடிக்கிற வேலையை இயந்திரத்தால் செய்யவே முடியாது என்று எல்லாரும் சொன்ன நாள் அது. அவர் செய்து காட்டினார். 1883இல் உரிமம் கிடைத்தது. கைவேலையில் நாளைக்கு 50 ஜோடி வரை முடித்த இடத்தில், இயந்திரம் 700 ஜோடி வரை முடித்தது. 1889இல், 37 வயதுகூட ஆகாமல், காசநோயில் இறந்துபோனார்.

நம் காலுக்கு ஏற்ற கட்டை

நம்மில் பலருக்குக் கடையில் வாங்கும் ஷூ நீளம் சரியாக இருந்தும் பக்கவாட்டில் பிடிக்கும். வெளிநாட்டு அளவில் செய்த கட்டை என்றால் அப்படித்தான். சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டில் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் காலை அளந்தது. இந்தியர்களின் கால் பொதுவாக அகலமானது என்பது தெரிந்தது. அதை வைத்து நமக்கென்று 'பா' என்ற பெயரில் தனி அளவு முறையை முன்வைத்தார்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் ஷூ கடித்த புண் தெரியவே தெரியாது.

அந்த 14 ஜோடி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு குவியலையும் எடுத்துக்கொண்டு அந்த அக்காவும், இரண்டு பிரதிநிதிகளும், நாங்களும் ஏஜென்டைப் பார்க்கப் போனோம். முதலில் "உங்களுக்கு இதெல்லாம் யார் சொன்னது?" என்றார். ஒன்பது ஜோடியையும் காட்டினோம். துளை ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறு வாரம் ஒன்பது ஜோடிக்குப் பிடித்த கூலியைக் கொடுத்துவிட்டார். ஐந்து ஜோடிக்குத் தரவில்லை. அது நியாயம்தான் என்று அந்த அக்காவே சொல்லிவிட்டார். இனிமேல் திரும்பி வருகிற பீஸை லாட் நம்பரோடு காட்டிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்று பேசியிருக்கிறோம். சரி என்றிருக்கிறார். நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்காகக் குழு நோட்டில் கடைசிப் பக்கங்களை ஒதுக்குங்கள். தேதி, லாட் நம்பர், வாங்கியது, கொடுத்தது, திரும்பியது, எங்கே கிழிந்தது. எழுதத் தெரியாதவர்களுக்குக் குழு எழுத்தர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தாத்தாவின் கட்டை இப்போது கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கிளஸ்டர் கூட்டத்துக்கும் கொண்டு வருவோம். மடக்கிப் பாருங்கள், உங்கள் அப்பரைப் போட்டு இழுத்துப் பாருங்கள். குழந்தைகள் கையில் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். திருப்பித் தர வேண்டும் என்று சொல்லித்தான் தாத்தா கொடுத்திருக்கிறார்.