கடைச் சுத்தமும் கைக்கலவையும்



கடை சுத்தமாயிருந்தால்தான் வாடிக்கைக்காரர் மறுமுறை படியேறுவார் என்பதை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுத்தத்துக்காக நாம் கையாலே கலக்கும் தண்ணீரைப் பற்றிச் சில விஷயங்கள் எழுதுவது அவசியமென்று கருதுகிறோம். புட்டித் திரவங்களின் விலை கட்டுப்படியாகாமல் பலர் வீட்டுச் சரக்கையே கலந்து உபயோகிக்கிறார்கள். செலாயாங்கில் நமது கடையிலும் அப்படித்தான். கணக்குத் தெரிந்து செய்தால் அது நல்லதே.

2020 ஏப்ரலில் இங்குள்ள மொத்தச் சந்தைப் பக்கத்தை முள்வேலியிட்டு அடைத்த நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்தில் கிருமிக்குப் பயந்து வெளுப்பு நீரைக் கணக்கின்றி ஊற்றிப் பழகினோம். அடைப்பு நீங்கிற்று, பழக்கம் நீங்கவில்லை. ஓரிரவு கடை சாத்தும் நேரம், நமது பையன் கழிவறையில் வெளுப்பு நீரை ஊற்றித் தேய்த்தான். கறை போகவில்லை. உடனே அதன்மேலேயே கழிவறை கழுவும் அமிலத்தையும் ஊற்றிவிட்டான். குந்தியபடியே இருமத் தொடங்கியவன் எழுந்து நிற்க முடியாமல் தவித்தான். கதவு திறந்திருந்தது, அல்ஹம்துலில்லாஹ், இழுத்து வெளியே காற்றில் உட்காரவைத்தோம். இரண்டு நாள் அவனுக்கு நெஞ்செரிச்சலும் இருமலும் இருந்தன. குற்றம் அவனுடையதல்ல. "நன்றாகத் தேய்" என்று சொன்ன நாம், எதை எதோடு சேர்க்கக்கூடாது என்று ஒருநாளும் சொல்லவில்லை.

வெளுப்பு நீரில் அமிலம் சேர்ந்தால் குளோரின் என்னும் வாயு கிளம்புகிறது. முதல் உலக யுத்தத்தில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜிய நாட்டின் ஈப்ர் நகரருகே ஜெர்மானியர் எதிரிகள்மீது ஏவியது இதே வாயுதான். இது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆகவே குந்தி உட்கார்ந்து தேய்ப்பவனுக்கே முதலில் ஆபத்து. அமிலம் என்றால் கழிவறைப் புட்டி மட்டுமல்ல. நாம் சுக்கா என்று சொல்லும் காடி, எலுமிச்சைச் சாறு, புளி எல்லாம் அந்த இனமே. அம்மோனியாவும் கூடாது. மூத்திரம் தேங்கிய இடத்தில்கூட முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே வெளுப்பு நீர் விடவேண்டும்.

சரியான அளவு யாது? சாதாரணமாகத் தரைக்கும் மேசைக்கும் 0.1 சதவிகிதம் போதுமென்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு. புட்டியில் 5 சதவிகிதம் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, பத்து லிட்டர் வாளிக்கு 200 மில்லி. அதற்குமேல் ஊற்றுவது காசையும் மூச்சையும் சேர்த்து விரயமாக்குவதாகும். அழுக்கின்மேல் ஊற்றினால் அழுக்கே மருந்தைத் தின்றுவிடும். ஆதலால் முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அலசி, பிறகே இதைத் தடவிப் பத்து நிமிஷம் விடுங்கள். உணவு படும் இடமானால் மறுபடி நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். கலந்த தண்ணீர் வீரியம் குறைந்துவிடும். அன்றன்றைக்குக் கலப்பதே சரி.

இனி, ஆப்பச்சோடாவும் சுக்காவும் சேர்த்தால் நுரை பொங்குகிறதே, அதைப் பார்த்து மயங்காதீர்கள். ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிட்டு மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீரைப் போன்றதே. தனித்தனியே உபயோகித்தால் இரண்டும் நல்ல வேலைக்காரர்கள். சோடாவை ஈரத் துணியில் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்க்கலாம். ஆனால் அலுமினிய தேக்சாவில் ஊறவைத்தால் கறுத்துப்போகும். சுக்காவைச் சரிபாதித் தண்ணீரில் கலந்து கண்ணாடி அலமாரியைத் துடைக்கலாம்; பளிங்குக்கல் மேசையில் பட்டால் பளபளப்பை அரித்துவிடும். பழைய கடைகளில் அந்தக் கல்மேசை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க.

பழத்தோலில் செய்யும் என்ஸைம் தண்ணீர் மலேசியாவில் பலரிடம் பரவியிருக்கிறது. நாட்டுச் சர்க்கரை 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. பிளாஸ்டிக் புட்டியில் கொஞ்சம் இடம் விட்டு மூடி, முதல் மாதம் தினமும் ஒருமுறை திறந்து காற்றை விடவேண்டும். கண்ணாடிப் புட்டி வெடிக்கும். மூன்று மாதத்தில் தயாராகும். சந்தையில் அன்னாசித் தோலுக்கா பஞ்சம்! பிசுக்குக்கும் நாற்றத்துக்கும் நாம் இதையே ஊற்றுகிறோம். ஆனால் இது கிருமியை நிச்சயமாய்க் கொல்லுமென்று நம்பிவிடக்கூடாது. சிலர் இதற்குப் பாடும் புகழ் வானத்தைத் தொடுகிறது. நமக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. இதுவும் புளிப்புத்தான், வெளுப்பு நீரருகில் வைக்கவே வேண்டாம். புளிக்கும்போது உண்டாகும் சாராயத்தன்மை பற்றிச் சந்தேகமுள்ளவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்வார்களாக. நஜீஸ் பட்ட இடத்தை ஷாபிஈ மத்ஹபின்படி தண்ணீரால்தான் சுத்தப்படுத்தவேண்டும். வாசனை வந்துவிட்டால் போதாது.

கடைசியாக ஒன்று. கலந்த தண்ணீரைக் குடிதண்ணீர்ப் புட்டியில் ஊற்றிவைக்கும் வழக்கம் நம் கடைகளில் மிகுதி. தமிழில் எழுதி ஒட்டினால் மியன்மாரிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த பையன்கள் எப்படிப் படிப்பார்கள்? நாம் இப்போது வெளுப்பு நீருக்குச் சிவப்பு வாளியும் புளிப்புச் சரக்குக்கு மஞ்சள் வாளியும் வைத்து, இரண்டையும் கடையின் எதிரெதிர் மூலைகளில் பூட்டிவைக்கிறோம். யாரேனும் தவறிக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். 999க்கு அழைத்து, புட்டியையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.