பழைய காசு தேட மெட்டல் டிடெக்டர் வாங்கப்போகிறீர்களா?

மும்பையின் மாஹிம், தாதர் கடற்கரையில் பழைய காசு தேடும் ஆசை இருந்தால், விலை கேட்கும் முன் ஈரமணலை நினைத்துக்கொள்ளுங்கள். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் மலிவுக் கருவி, அலை நனைத்த மணலில் காசே இல்லாமல் கத்திக்கொண்டிருக்கும். பல அதிர்வெண் கருவிதான் இங்கே தோது. 'பல்ஸ் இண்டக்‌ஷன்' வகையும் உப்பைச் சமாளிக்கும். ஆனால் ஆணியையும் காசையும் பிரித்துச் சொல்லத் திணறும். மூடியும் தகரமும் நிறைந்த இடத்துக்குச் சின்ன தேடுசுருள் ('காயில்') போதும்.

கடையில் சோதித்துப் பார்க்க இன்றைய ஒரு ரூபாயை நீட்டாதீர்கள். அது காந்தத்தில் ஒட்டும் எஃகு. இரும்பை ஒதுக்கும்படி வைத்த கருவி அதையும் ஒதுக்கிவிடலாம். பாட்டியின் சுருக்குப்பையில் செப்புக் காலணா கிடந்தால் எடுத்துப்போங்கள். 11.66 கிராம் எடையுள்ள விக்டோரியா வெள்ளி ரூபாய் இருந்தால் இன்னும் நல்லது.

சட்டம் முக்கியம். மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைகூட உண்டு. எலிஃபண்டா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டவே கூடாது.

கிடைத்த காசைத் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், சேகரிப்பாளர் தரும் மதிப்பு போய்விடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள்.