பதிப்பெண்ணும் பருவந்தவறா வெளியீடும்

வகுப்பிலே செய்யுளொன்றைப் படிப்பிக்கும்போது, "நாற்பதாம் பக்கத்தைப் பாருங்கள்" என்று சொன்னால், மாணாக்கருட் சிலர் பாட்டைக் காண்பர். வேறு சிலர் அங்கே பிறிதொரு பாட்டைக் கண்டு திகைப்பர். நூல் ஒன்றே, பதிப்பு வேறு. "உன் கையிலிருப்பது எந்தப் பதிப்பு?" என்று வினவிய பின்னரே பாடம் நடைபெறும். அச்சேறிய நூலுக்கே இவ்வாறாயின், நாள்தோறும் திருத்தப்பெறும் கணினி மென்பொருளுக்கு இவ்வினா எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மென்பொருள்களுள் திறந்த மூல மென்பொருள் என்பது ஒருவகை. அதன் மூலநிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஒருவரையொருவர் முகங்கண்டறியாத பல நாட்டார் அதனைத் திருத்திக்கொண்டேயிருப்பர். அவ்வேலையினிடையே ஒரு படியைத் தெரிந்து, சோதித்து, "இதனைப் பயன்படுத்துக" என்று அறிவிப்பது வெளியீடு எனப்படும். அதற்கு இடும் அடையாளமே பதிப்பெண்.

பதிப்பெண் பெரும்பாலும் மூன்று உறுப்புடையது. 2.4.1 என்பதை எடுத்துக்கொள்வோம். ஈற்றெண் மட்டும் உயர்ந்தால், வழுக்கள் களையப்பட்டன என்பது கருத்து. நடுவெண் உயர்ந்தால், பழையன கெடாமற் புதியன சேர்ந்துள்ளன. முதலெண் உயர்ந்தால், முன்னைய முறைகள் சில இனிச் செல்லா. பயன்படுத்துவோர் ஆராய்ந்து ஏற்றல் வேண்டும். எல்லாரும் இவ்வாறே எண்ணிடுவதில்லை. உபுண்டு என்னும் இயங்குதளத்தில் 24.04 என்பது 2024 ஆம் ஆண்டின் நான்காம் மாதத்தைக் குறிக்கும். எம்முறையாயினும், அதனை முன்னரே அறிவித்து அதன்வழி ஒழுகுதல் வேண்டும்.

எண்ணின் பெருமையை இரண்டு நிகழ்ச்சிகளால் அறியலாம். 1995 ஆம் ஆண்டின் இறுதியில், டெபியன் என்னும் இயங்குதளத்தின் முற்றுப்பெறாத படியொன்றை, இறுவட்டு விற்கும் நிறுவனமொன்று 1.0 எனத் தவறாகப் பெயரிட்டு வெளியிட்டுவிட்டது. டெபியன் குழுவினர் மயக்கம் நேராவண்ணம் அவ்வெண்ணையே கைவிட்டு, 1996 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே தம் வெளியீட்டை 1.1 என்று வழங்கினர். ஓரெண் இரு பொருளைக் குறித்தல் ஆகாதென்பது அவர்கள் கொள்கை.

மற்றையது 2014 ஆம் ஆண்டு ஏப்பிரல் 7 ஆந் திகதி வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் வழு. இணையவழிச் செய்திகளை மறைபொருளாக்கிக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் அது இரண்டாண்டு கரந்திருந்தது. அதன்வழி அயலார் கடவுச்சொற்களையும் கவரக்கூடும். அன்று உலகெங்குங் கணினி காப்போர் முதலில் வினவியது, "நம்மிடம் உள்ளது எந்தப் பதிப்பு?" என்பதே. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையுள்ளவை வழுவுடையன, 1.0.1ஜி திருத்தம் பெற்றது. அவற்றிற்கு முந்திய 1.0.0 வரிசைக்கு இவ்வழு இல்லை. ஈற்றிலுள்ள ஓரெழுத்தே ஆபத்தையுங் காப்பையும் வேறுபிரித்துக் காட்டிற்று.

இனி, வெளியீடு காலந்தவறாது வருதல் எதற்கு? லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவின் 2.4 ஆம் பதிப்பு 2001 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்தது. அடுத்த பெரும்பதிப்பாகிய 2.6 வருவதற்கு ஏறக்குறைய மூன்றாண்டு சென்றது. நெடுநாளைக்கொருமுறை ஓடும் புகைவண்டியில் எல்லாரும் முண்டியடித்து ஏறுவது போல, அரைகுறை வேலையையும் உள்ளே திணிக்க அக்காலத்தில் மனம் உந்தும். இன்றோ ஒன்பது அல்லது பத்துக் கிழமைக்கொருமுறை புதிய பதிப்பு வெளிவருகின்றது. முதலிரு கிழமையிற் புதியன ஏற்கப்படும். எஞ்சிய காலம் வழு களைதற்கே உரியது. தன் வேலை முற்றாதவன் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கலாம். மாற்றங்கள் சிறுகச் சிறுக வருதலால், வழு தோன்றின் அதன் பிறப்பிடத்தைக் காண்டலும் எளிதாகும்.

மாணாக்கரே, நீங்கள் ஆக்கும் மென்பொருள் சிறிதாயினும், அதற்கு எண்ணிடுங்கள், திகதியிடுங்கள், மாறியது யாதென ஒருவரி எழுதிவையுங்கள். உங்கள் கணினிகளிலுள்ள பதிப்புக்களையும் இடையிடையே நோக்குங்கள். இத்துறையில் விளங்கும் பழைய மாணவர்கள் இதனை எம்மினும் நன்கறிவர். அவர்கள் ஒருநாள் கல்லூரிக்கு வந்து, தம் இளையோர்க்கு இதனைச் செய்து காட்டுவாராயின் அது பெரும்பயன் தரும்.