விண்மீன் காட்டும் வழி

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது நம் வழக்கு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின்மேல் தட்டான்கள் கூட்டமாகப் பறப்பதைத் தாம்பரம் பகுதியினர் அறிவர். அவற்றுள் மஞ்சள் நிறத் தட்டான் ஒரு கிராம் எடைகூட இல்லாதது. அது அக்டோபரில் மாலத்தீவில் திரளாக வந்திறங்குவதை ஆராய்ந்த சார்லஸ் ஆண்டர்சன், அது இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா நோக்கிக் கடல் கடக்கிறது என 2009இல் எழுதினார். நடுக்கடலில் இறங்க இடமேது? இரவிலும் பறந்தாக வேண்டும். காற்று சுமக்கும், திசையை உணர்த்துவது எது?

ஆஸ்திரேலியாவின் போகாங் அந்துப்பூச்சி இவ்வினாவிற்கு ஒளி தருகிறது. வசந்தகாலத்தில் அது ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் பறந்து, தான் முன்பு கண்டிராத மலைக்குகைகளை அடைகிறது. புவிக்காந்தப் புலனை நீக்கிய அறையில் விண்மீன் வானத்தை மட்டும் காட்டினர். பூச்சி உரிய திசையிலேயே பறந்தது. வானத்தை 180 பாகை திருப்பினர், அதுவும் திரும்பியது. விண்மீன்களைக் கலைத்துச் சிதறவிட்டபோது திசை தடுமாறியது. 2025இல் இவ்வாய்வு வெளிவந்தது. முகில் மூடிய இரவில் காந்தப்புலன் அதற்குக் கைகொடுக்கிறதாம்!

தெருவிளக்கைப் பூச்சி சுற்றுவது ஆசையால் அன்று. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்தே மேல்கீழ் அறிகிறது; விளக்கு அதனை ஏய்த்துவிடுகிறது. 2022இல் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணையைச் சுற்றி, அடுக்குமாடிகளின் விளக்குகள் விடியும்வரை எரிகின்றன.