புளியரை தாண்டும் சரக்குக்கு எந்த இன்சூரன்ஸ்?

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர்களிடம் இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டால், "லாரிக்கு இருக்கே" என்று சொல்பவர்கள்தான் அதிகம். அது லாரிக்கு மட்டும்தான். வண்டி இடித்து அடுத்தவர் சுவர் விழுந்தால் அந்தப் பாலிசி பணம் தரும். வண்டிக்குள் இருக்கும் உங்கள் தக்காளிக்குத் தராது. சரக்குக்குத் தனியாக எடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் ஆபீஸில் 'மரைன் கார்கோ, உள்நாட்டுப் போக்குவரத்து' என்று கேளுங்கள். கப்பலையே பார்க்காத சரக்குக்கும் அதுதான் பாலிசி.

முதலில், வழியில் நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்று முடிவு செய்யுங்கள். கேரள வியாபாரி மார்க்கெட்டிலேயே விலை பேசி வாங்கி, அவரே வண்டி பிடித்து ஏற்றிவிட்டால் சரக்கு அவருடையது. கொல்லத்துக்கோ புனலூருக்கோ அனுப்பி, அங்கே விற்ற பிறகு பணம் வரும் என்றால் அதுவரை உங்களுடையது. உங்களுக்கு நஷ்டம் வராத சரக்குக்கு நீங்கள் பாலிசி எடுத்துப் பயனில்லை, கிளெய்ம் நிற்காது. பழகிய ஆள் என்பதற்காக இதைப் பேசாமல் விடாதீர்கள். பில்லில் ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும்.

அடுத்து, டிரான்ஸ்போர்ட்காரர் எவ்வளவுக்குப் பொறுப்பு என்று பாருங்கள். சரக்கைச் சாலைவழியே கொண்டுசெல்வதற்கான 2007-ம் ஆண்டுச் சட்டமும் அதன் 2011 விதிகளும் இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. சரக்கின் மதிப்பைச் சொல்லி, கூடுதல் பொறுப்புக்கான கூடுதல் கட்டணத்தை ஒப்புக்கொண்டு அனுப்பாவிட்டால், அவர் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 60,000 ரூபாய் மோட்டார் பம்பை 500 ரூபாய் வாடகையில் பார்சல் போட்டால் 5,000 ரூபாய்தான் வரும். மீதி 55,000 ரூபாய் உங்கள் தலையில் விழாமல் இருக்கத்தான் இன்சூரன்ஸ். எல்.ஆர். எனும் லாரி ரசீது இல்லாமல், துண்டுச் சீட்டில் எழுதி மினி லாரியில் ஏற்றி விடுகிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சரக்கு ஏறியதற்கே அத்தாட்சி இல்லாதபோது கிளெய்ம் எங்கிருந்து வரும்?

இனி பாலிசியைத் தேர்ந்தெடுப்போம். அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் இது. உள்நாட்டுப் போக்குவரத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள். சி மிகவும் மெலிந்தது, தீயும் மின்னலும் மட்டும். பி பிரிவில் இவற்றோடு வண்டி மோதுவது, கவிழ்வது, பாலம் உடைவது போன்ற பெரிய விபத்துகள் சேரும். ஏ பிரிவில், விலக்கு என்று எழுதியவை போக மற்ற எல்லாமே அடங்கும். திருட்டு, நனைவது, ஏற்றி இறக்கும்போது உடைவது எல்லாம் ஏ பிரிவு எடுத்தால்தான்.

கேரள எல்லையை ஒட்டிய புளியரை எஸ் வளைவை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். 2024 பிப்ரவரியில் கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி அங்கே ரயில் தண்டவாளத்தில் விழுந்து நொறுங்கியது, ஓட்டுநர் இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த வயதான தம்பதி டார்ச் லைட்டைக் காட்டி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தியதைத் தமிழ்நாடே பேசியது. அப்படிக் கவிழ்கிற லோடுக்கு பி பிரிவே போதும். ஆனால் ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் தொடங்கிய பிறகு மேற்கே போகும் மாவு மூட்டையோ பீடிப் பண்டலோ கிழிந்த தார்ப்பாய் வழியாக நனைந்தால் பி பிரிவில் ஒரு பைசா பெயராது. நனைந்தால் கெடும் சரக்குக்கு ஏ பிரிவைத் தவிர வேறு வழியில்லை.

அப்படியானால் காய்கறிக்கும் ஏ தானே என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். நான் யோசிப்பேன். காய்கறி வியாபாரி உண்மையில் பயப்படுவது கவிழ்வதற்கு அல்ல, தாமதத்துக்கு. ஆரியங்காவு பக்கம் மண் சரிந்து, வண்டி ஒரு பகலும் இரவும் நின்று, பெட்டியைத் திறந்தால் தக்காளி கசிந்து ஒழுகும். ஏ பிரிவும் இதற்குத் தராது. தாமதத்தால் வரும் நஷ்டம், அந்தத் தாமதம் எதனால் வந்திருந்தாலும், விலக்கப்பட்டது. பொருளின் இயல்பால் அது தானாகவே அழுகுவதும் விலக்கு. வழக்கமாகக் குறையும் எடை, சரியில்லாத பேக்கிங் இரண்டும் அப்படியே. ஆக, நாட்டுக் காய்க்கு ஏ பிரிவு எடுத்துக் கூடுதல் பிரீமியம் கட்டுவதைவிட, பி பிரிவோடு திருட்டையும் சேர்த்துத் தருவார்களா என்று கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். மிச்சமாகும் பணத்தில் நல்ல பெட்டி வாங்கலாம். கலவரம், வேலைநிறுத்தத்தால் சரக்குக்கு வரும் சேதம் மூன்று பிரிவிலும் கிடையாது. வேண்டுமென்றால் தனியாகச் சேர்க்க வேண்டும்.

எப்போதாவது ஒரு லோடு அனுப்புகிறவருக்கு அந்த ஒரு பயணத்துக்கான பாலிசி போதும். தினமும் வண்டி போனால் ஆண்டு முழுவதுக்கும் ஓபன் பாலிசி எடுத்து, அனுப்பிய சரக்கின் கணக்கை அவ்வப்போது கொடுத்து வர வேண்டும். அதில் ஒரு வண்டிக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு இருக்கும். சாதாரண நாளில் அது தாராளமாகத் தெரியும். ஓணத்துக்கு முந்தின வாரம் விலை ஏறி, லோடும் பெருகும்போது இடிக்கும். ஆவணி பிறக்கும் முன்பே உயர்த்திக் கேளுங்கள்.

தொகையைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தை மிச்சம்பிடிக்கப் பார்க்காதீர்கள். நான்கு லட்சம் சரக்கை இரண்டு லட்சம் என்று காட்டினால், ஒரு லட்சம் நஷ்டத்துக்கு ஐம்பதாயிரம்தான் வரும். பில் தொகையோடு வாடகையையும் சேர்த்துப் போடுங்கள். பிரீமியத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர்கள் பொறுப்பு தொடங்கும். "வண்டி கிளம்பட்டும், சாயங்காலம் கட்டிக்கலாம்" என்பது சட்டப்படி செல்லாது.

ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, தார்ப்பாய் பற்றியும் ஏற்றும் எடை பற்றியும் நிபந்தனை உண்டா என்று பாலிசியில் தேடிப் படியுங்கள். வண்டி போய்ச் சேர்ந்த பிறகு சரக்கு டிரான்ஸ்போர்ட் குடோனில் கிடக்குமானால் நாட்களை எண்ணுங்கள். சாலைப் பயணத்துக்கு ஏழு நாளில் பாதுகாப்பு முடிந்துவிடும்.

தூத்துக்குடி வழியாகக் கப்பலில் அனுப்புகிறவர்களுக்கும் ஏ, பி, சி தான், விதிகள் வேறு. எஃப்ஓபி விலையில் விற்றிருந்தால் கப்பலில் ஏறும்வரை நஷ்டம் உங்களுடையது, அதற்குப் பின் வாங்குபவருடையது. இங்கிருந்து துறைமுகம் வரையிலான சாலைக்குப் பாலிசி இல்லாமல் பலர் மாட்டிக்கொள்வது அதனால்தான். சிஐஎஃப் என்றால் கடல் இன்சூரன்ஸும் உங்கள் பொறுப்பு, வழக்கம் விலைக்கு மேல் பத்து சதவீதம் கூட்டி எடுப்பது. கடல் பயணத்தையும் லேசாக நினைக்காதீர்கள்: 2025 மே மாதம் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியபோது கன்டெய்னர்கள் கொல்லம் கரையில் வந்து ஒதுங்கியதைப் பார்த்தோம்.

சேதம் வந்துவிட்டால் சரக்கை நகர்த்தும் முன் போட்டோ எடுத்து, அன்றே கம்பெனிக்குச் சொல்லி, சர்வேயரை வரவழையுங்கள். விபத்து, திருட்டு என்றால் எஃப்ஐஆர் வேண்டும். நல்ல காயைப் பிரித்து விற்று நஷ்டத்தைக் குறைப்பது உங்கள் கடமை, சர்வேயரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். டெலிவரி எடுக்கும்போது ரசீதிலேயே 'இத்தனை பெட்டி சேதம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டிரான்ஸ்போர்ட்காரருக்குப் பதிவுத் தபாலில் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் போக வேண்டும். புக்கிங் தேதியிலிருந்து 180 நாள் கெடு இருந்தாலும் அதுவரை காத்திருக்காதீர்கள். முக்கியமாக, அவர் தரும் சொற்பத் தொகையை வாங்கிக்கொண்டு "இனி ஒன்றும் பாக்கி இல்லை" என்று அவருக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அவரிடம் வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போக வேண்டியது. அதை நீங்களே அறுத்துவிட்டால் உங்கள் கிளெய்மில் கை வைப்பார்கள்.

கம்பெனி மறுத்தாலோ குறைத்தாலோ முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். சொந்தப் பெயரில் கடை நடத்துபவருக்கும் குறுந்தொழில் செய்பவருக்கும் அங்கே இடமுண்டு. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.