கடந்தைக் கூட்டுக்குத் தீ வைக்காதீர்கள்

அன்புள்ள கொழிஞ்சாம்பாறை வாசகருக்கு,

மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய பலாமரத்தில் கடந்தை கூடு கட்டியிருப்பதாகவும், ராத்திரியில் பந்தம் கொளுத்திச் சுட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாளையாறு, கோவிந்தாபுரம் பக்கமும், இடுக்கியில் மறையூர், வண்டன்மேடு, குமுளி பக்கமும் இதே கவலையில் பலர் இருப்பார்கள். அதனால் பதிலை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில் அது கடந்தைதானா என்று தள்ளி நின்று பாருங்கள். சாம்பலும் பழுப்புமாக வரி ஓடிய காகிதப் பானைபோல் இருந்து, ஒரே வாசல் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தால் கடந்தை. உளுத்த வேலிக்கம்பைச் சுரண்டி, எச்சிலில் குழைத்து, பட்டை பட்டையாக ஒட்டி அது கூட்டைக் கட்டுகிறது. மூடாத ஒற்றை அடையாகத் தொங்கி, மேலெல்லாம் ஈ மொய்த்திருந்தால் மலைத்தேனீ. பூக்காலம் முடிந்தால் அது தானே இடம் மாறிவிடும். ஏலப்பூ காயாவதே தேனீக்களால்தான். அவற்றை எரித்தால் நஷ்டம் நமக்குத்தான்.

கடந்தைக் கூடும் பெரும்பாலும் ஒரு வருஷக் குடித்தனம்தான். ஒரு ராணி தனியாகத் தொடங்கும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் கூட்டம் பெருகியிருக்கும். அப்புறம் கூடு காலியாகிவிடும். ஆள் புழங்காத தோட்டத்து மூலையில் இருந்தால் விட்டுவிடுங்கள். பயிரைத் தின்னும் புழுக்களைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்குக் கொடுக்கிற பூச்சி அது.

உங்கள் கூடு அப்படியில்லை. தொழுவத்துக்குத் தினமும் ஆள் போகவேண்டும். நாம் தொடாவிட்டாலும் தேன்பருந்து வந்து கூட்டைக் கலைத்தால் கடந்தை கீழே நிற்பவரைத்தான் கொட்டும். 2024 நவம்பரில் முண்டக்கயம் அருகே முதிய தாயும் மகளும் கடந்தை கொட்டி இறந்தார்கள். 2025 மார்ச்சில் திருவனந்தபுரம் கலெக்டர் அலுவலகத்தில் வெடிகுண்டு மிரட்டலுக்காகச் சோதனை நடந்தபோது தேனீக்கள் கலைந்து, ஏராளமானோர் கொட்டுப்பட்டார்கள். ஆகவே உங்கள் கூட்டை எடுக்கத்தான் வேண்டும்; ஆனால் நீங்கள் எடுக்கக்கூடாது.

கடந்தை இருட்டிலும் வெளிச்சத்தைத் தேடி வரும். பந்தம் பிடித்து ஏணியில் நிற்பவரால் ஓட முடியாது. தேனீயைப்போல் கொடுக்கை விட்டுவிட்டுச் சாகாமல், ஒரே கடந்தை பலமுறை கொட்டும். ஒன்றை நசுக்கினால் அந்த வாசனைக்கே மற்றவையும் பாய்ந்து வரும். 101-க்குப் போன் செய்து தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்கள். பஞ்சாயத்து மெம்பரிடமும் சொல்லுங்கள். பாதுகாப்பு உடையோடு கூடு எடுத்துப் பழகிய ஆள் யாரென்று கேளுங்கள். அதுவரை மாடுகளை வேறிடத்தில் கட்டுங்கள். மரத்தடியில் புகை போடாதீர்கள். தொழுவத்து பல்பை அணைத்து வையுங்கள். பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரையாவது கொட்டிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, ஏதாவது அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தச் சொல்லுங்கள். மூச்சுத்திணறல், மயக்கம், உதடும் நாக்கும் வீங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். பல இடங்களில் கொட்டுப்பட்டவர் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். அந்த விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. அடுத்த சில நாட்களில் சிறுநீர் குறைந்தாலோ கறுத்துப் போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

பந்தத்தைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்கே அந்தப் போனைச் செய்யுங்கள்.