தேக்கம் எங்கே?

ஆலையில் வேலை தேங்கினால், இயந்திரம் போதவில்லை என்றே எண்ணத் தோன்றும். 1950-இல் ஜப்பானின் ஹிரோஷிமா நகரில், இன்று மாஸ்டா எனப்படும் நிறுவனத்தின் ஆலையிலும் பெரிய பிரஸ்கள் இன்னும் வேண்டும் என்றனர். ஆராய வந்த ஷிகியோ ஷிங்கோ என்னும் பொறியியல் அறிஞர் முதலில் வேலையைக் கவனித்தார்.

800 டன் பிரஸ்ஸில் டை என்னும் அச்சை மாற்றவேண்டிய நேரம். ஒரு போல்ட்டைக் காணோம்! தொழிலாளி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தேடியலைந்தார். முடிவில் வேறோர் இயந்திரத்தின் நீண்ட போல்ட்டை அறுத்து, மரை வெட்டி எடுத்துவந்தார். (அந்த இயந்திரத்துக்கு நாளை போல்ட் வேண்டாமா?)

மேலாளர் சொன்னது பொய்யன்று. தேக்கம் பிரஸ்ஸில்தான் இருந்தது. ஆனால் பிரஸ் ஓடாமல் நின்ற நேரத்தை எவரும் கணக்கிடவில்லை. இயந்திரம் ஓடும்போதே செய்யக்கூடிய ஆயத்தங்களை ஷிங்கோ தனியே பிரித்தார்; போல்ட்டுகளை முன்னதாகவே பெட்டியில் வகைப்படுத்தி வைக்கச் செய்தார். செயல்திறன் ஏறத்தாழ 50 விழுக்காடு உயர்ந்தது.

1969-இல் டோயோட்டா ஆலையில், 1000 டன் பிரஸ்ஸின் அச்சை மாற்ற 4 மணி நேரம் பிடித்தது. 6 மாதங்களில் அது 90 நிமிடமாயிற்று. மேலும் 3 மாதங்களில் 3 நிமிடம்! இனி ஒரே உறுப்பை மலையாகக் குவிக்கவேண்டிய கட்டாயமில்லை. இன்று ஒன்று, மறுகணம் வேறொன்று எனத் தேவைக்கேற்பச் செய்யலாம்.